பின்சீட்டில் ஐயா

ஜனவரி 9

அன்புள்ள மருமகள் சிட்டுவுக்கு,

உன் மாமன் எழுதுவது. நான் இங்கே குண்டுக்கல் மாதிரி இருக்கிறேன். நீ அந்த மலையில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இருமல் விட்டதா, அதை முதலில் எழுது.

இதை உட்கார்ந்துகொண்டு படி. நின்றபடி படித்தால் மயங்கி விழுவாய். உன் மாமன் இப்போது சுற்றுச்சூழல், இயற்கை வள அமைச்சரின் கார் ஓட்டுநர். உன் இலாகாவுக்கே தலைவர் அவர். நீ ஒரு மலைக்குக் காவல் என்றால் அவர் எல்லா மலைக்கும் ஆற்றுக்கும் காற்றுக்கும் பொறுப்பு. அவருக்கு நான் பொறுப்பு என்று வைத்துக்கொள்.

பழைய ஓட்டுநர் ஓய்வு பெற்றதும் இந்த இடத்துக்கு ஒரு கூட்டமே வரிசையில் நின்றது. ஐயா என் முகத்தைப் பார்த்தார். "உன் கண்ணுல ஒரு நிதானம் தெரியுதுப்பா, நீயே வா" என்றார். அவருடைய உதவியாளர் இதை வேறு மாதிரி சொல்வார். பொறாமை பிடித்தவர், நம்பாதே.

பாதி அரசாங்கம் காரில்தான் நடக்கிறது. மடியில் கோப்பு, வாயில் மாத்திரை, காதில் போன். ஏரியை மூடலாமா, காட்டை வெட்டலாமா என்று கேட்டு வருகிற எதிலும் என்னைக் கேட்காமல் கையெழுத்துப் போடமாட்டார். முன்கண்ணாடியில் என்னைப் பார்ப்பார், நான் லேசாகத் தலையை ஆட்டினால் போடுவார். மேடு பள்ளத்தில் என் தலை தானாக ஆடியதில் ஒரு சதுப்பு நிலம் போய்விட்டது, அதை விடு. ஓசோன் என்று மேலே ஒரு கூரை இருக்கிறதாம், அதில் ஓட்டையாம். அடைப்பதற்கு டெண்டர் விடலாம் என்று சொல்லியிருக்கிறேன். பரிசீலனையில் இருக்கிறது.

காரின் மூக்கில் கொடி. ஐயா ஏறினால் அதன் உறையைக் கழற்ற வேண்டும், இறங்கினால் மாட்ட வேண்டும். அது என் கையால் மட்டுமே நடக்கிற காரியம். கொடி பறக்கிற கார் கிளம்பினால் போலீஸ்காரன் தன் கல்யாண மேடையிலிருந்தும் இறங்கி ஜீப்பை எடுத்துக்கொண்டு பின்னால் வருவான். உள்ளே யார் என்று ஒருத்தனும் குனிந்து பார்க்கமாட்டான். கறுப்புக் கண்ணாடி வேறு.

இதையெல்லாம் உன் அம்மாவிடம் சொன்னேன். "அளக்காதடா" என்று போனை வைத்துவிட்டாள். கூடப்பிறந்தவள் என்றாலும் சொல்கிறேன், பெரிய விஷயம் எதுவும் அவள் மண்டையில் ஏறாது. உன் மலையில்தான் போன் கோபுரம் இல்லையே, அதனால் இலாகாத் தபால் பையில் இதைப் போடுகிறேன். வாராவாரம் ஜீப் வரும்போது நீயும் அதிலேயே பதில் போடு.

உடம்பு உனக்கு, பெருமை எனக்கு. இரண்டையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

உன் மாமன்


ஜனவரி 28

அன்பான மாமாவுக்கு வணக்கம்.

இருமல் விட்டுவிட்டது. உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது? பிரேக் மிதிக்கிற கால் என்பதால் கேட்கிறேன். புது வேலைக்குச் சந்தோஷம். இனிமேல் தலையைக் கொஞ்சம் பார்த்து ஆட்டுங்கள்.

இங்கே நிலைமை சரியில்லை. இந்த மலையில் தாது வெட்டுவதை நிறுத்திவைத்து உங்கள் ஐயாதான் ஆணை போட்டார். லாரிகள் நிற்கவில்லை. சாவடியில் நாங்கள் மூன்று பேர். பொறுப்பு எனக்கு. ராணுவத்திலிருந்து வந்தவரைப் பட்டாளம் என்று கூப்பிடுவோம். புதிதாகச் சேர்ந்த பையனை அவன் தடிமனான மூக்குக்கண்ணாடியால் கண்ணாடி என்போம். பாதைக்குக் குறுக்கே ஒரு இரும்புக் கம்பம். அதை இறக்கிப் பூட்டி, சாவியை இடுப்பில் வைத்திருக்கிறேன்.

போன வாரம் பட்டப்பகலில் லாரிகளின் மேஸ்திரி வந்தான். அவனுக்கு இரும்பு என்று பெயர். கையில் கம்பி இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை.

"தூக்குங்கம்மா" என்றான்.

"ஆணை இருக்கு, தூக்க முடியாது."

"ஆணைதானே, என்கிட்டயும் இருக்கு" என்று கம்பியைக் காட்டினான்.

"உள்ள வைடா, மழை வந்தா துருப்பிடிச்சிரும்" என்றார் பட்டாளம்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் கம்பி அவர் தோளில் இறங்கியது. காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல எலும்பு ஒடிந்தது. விழுந்தவரை அவன் ஆட்கள் சுற்றி நின்று மிதித்தார்கள். நான் மண்வெட்டிக் காம்பால் ஒருவன் மணிக்கட்டை உடைத்தேன். கை தொங்கிப்போய் அவன் அலறியதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் பின்வாங்கினார்கள். எனக்கு இன்னும் அந்தக் காம்பின் அதிர்வு உள்ளங்கையில் இருக்கிறது.

அடிவார ஊரின் காவல் ஆய்வாளர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். மேலே வரவில்லை. மேலதிகாரிகளிடமிருந்து பதிலே இல்லை. ஆயுதப் படை இல்லாமல் இங்கே நிற்க முடியாது மாமா. நீங்கள் தினமும் அமைச்சருக்கு ஒரு கை தூரத்தில் இருக்கிறீர்கள். ஒரே ஒரு தடவை அவர் காதில் போடுங்கள். படை வராது என்றால் அதையாவது எழுதுங்கள், கம்பத்தைத் தூக்கிவிட்டு மூன்று பேரும் உயிரோடு இறங்கிவிடுகிறோம்.

உங்கள் உடல்நலம் விசாரிக்கும்,
சிட்டு


பிப்ரவரி 6

வீரத்திருமகளான மருமகளுக்கு,

மாமன் நலம். முட்டி வலி பயந்து ஓடிவிட்டது. பட்டாளத்தின் தோளுக்கு நல்லெண்ணெய் தடவச் சொல், எலும்பு தானாக ஒட்டிக்கொள்ளும்.

சொல்லிவிட்டேன். பாலத்தின் நடுவில் காரை ஓரங்கட்டிவிட்டு நேராகத் திரும்பினேன். "ஐயா, என் மருமக அங்க உங்க மலைய நெஞ்சால தாங்கிக்கிட்டு நிக்கிறா" என்றேன். ஐயா முகம் பழுக்கக் காய்ச்சின கம்பி மாதிரி ஆகிவிட்டது. கையிலிருந்த கண்ணாடி டம்ளரை அப்படியே நொறுக்கினார். ரத்தம் சீட்டெல்லாம் சொட்டுகிறது, மனுஷன் துடைக்கவே இல்லை. "அவ என் பொண்ணு மாதிரி. அவ மேல கை வச்சவன் தோலை உரிச்சு இந்த சீட்டுக்கு உறை தைக்கிறேன்" என்றார். சீட்டைக் கழுவ எனக்கு அரைநாள் ஆயிற்று.

படை கிளம்புகிறது. தலைவனை நானே பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். மீசையைப் பார்த்தாலே லாரி பின்னால் போகும். ஆகையால் நீ அந்தக் கம்பத்தைத் தூக்காதே. எவன் வந்தாலும் "எங்க மாமாவைக் கேட்டுட்டு வா" என்று சொல்.

ஜெயம் உண்டாகட்டும்.

உன் மாமன்


பிப்ரவரி 24

மாமாவுக்கு,

நலம் விசாரிக்கக் கை வரவில்லை. கண்ணாடி செத்துப்போய்விட்டான்.

நீங்கள் எழுதியதை அவனுக்கும் பட்டாளத்துக்கும் உரக்கப் படித்துக் காட்டியிருந்தேன். டம்ளர் உடைந்த இடத்தை அவன் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டான். அதனால்தான் அன்று மதியம் லாரிகள் வந்தபோது நாங்கள் ஓடவில்லை. முதல் வண்டியின் சத்தம் கேட்டதும் அவன், "அக்கா, நம்ம படை வந்துருச்சு" என்று சிரித்துக்கொண்டே வெளியே போனான்.

லாரி வேகத்தைக் குறைக்கவே இல்லை. கம்பம் வளைந்து, அவனைச் சாவடிச் சுவரோடு வைத்து நசுக்கியது. இடுப்புக்குக் கீழே அவன் இல்லை. மேலே முழுசாக இருந்தான், பேசினான். "கண்ணாடி எங்க விழுந்துச்சு பாருங்கக்கா" என்றான். நான் தேடி எடுத்துக்கொண்டு திரும்பியபோது முடிந்துவிட்டது. லாரிகள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போயின. ஓட்டுநர்கள் நேராகப் பாதையைப் பார்த்தபடியே ஓட்டினார்கள்.

படை வரவில்லை. அப்படி ஒரு படை கிளம்பியதாக யாருக்கும் தெரியவில்லை.

கம்பத்தைத் திரும்ப நட்டுவிட்டோம், இந்தத் தடவை கான்கிரீட் போட்டு. தாதுக் கப்பல் மார்ச் 21 கிளம்புகிறதாம். அதற்கு முன்னால் எல்லா லாரியும் ஒன்றாக வரும், சாவடியைக் கொளுத்திவிட்டுப் போவோம் என்று இரும்பு ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கிறான்.

மாமா, நீங்கள் ஐயாவிடம் சொன்னீர்களா இல்லையா? ஒரு வரி போதும்.

சிட்டு


மார்ச் 6

அன்புள்ள சிட்டுவுக்கு,

மாமன் நலம். அந்தப் பையன் வீட்டுக்கு என் வருத்தத்தைச் சொல்.

ஐயாவுக்குப் பல் வலி. கடைவாய்ப் பல் சொத்தை. டாக்டருக்குப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறார். நான் மட்டும் அமைச்சராக இருந்தால் பல்லைக் கையாலேயே பிடுங்கிப் போட்டுவிட்டுக் கோப்பைப் பார்ப்பேன். பதினேழாம் தேதி உன் மலையடிவார ஊருக்குச் சுற்றுப்பயணம் வருகிறோம். மரம் நடுகிற விழா.

ஓட்டுநருக்குப் பின்மண்டையில் இரண்டு காது என்பார்கள், எனக்கு நாலு. பின்சீட்டில் போனில் பேசுவது எல்லாம் எனக்குத்தான் முதலில் விழும். அதனால் சொல்கிறேன், படையைப் பற்றி இனிமேல் யாரிடமும் கேட்காதே. ஆய்வாளரையும் கூப்பிடாதே. கப்பல் போகிறவரைக்கும் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டார். அப்படித்தான் மேலே இருந்து சொல்லியிருக்கிறது. ஆணையை ரத்துசெய்கிற கோப்பும் தயார். கப்பல் கிளம்பிய மறுநாள் கையெழுத்து.

நீ அம்மா வீட்டுக்குப் போய்விடு. காய்ச்சல் என்று எழுதிக் கொடு. உன் உயிரைவிட அந்தக் கல் பெரிதில்லை தாயே.

ஒருவேளை போகவில்லை என்றால் இதை எழுது: அடிவாரத்திலிருந்து சாவடிக்கு வருகிற பாதை பெரிய காருக்கு அகலம் போதுமா, கடைசி வளைவு எப்படி, திருப்ப இடம் உண்டா. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

உன் மாமன்


மார்ச் 11

மாமாவுக்கு வணக்கம். நலம்தானே?

போகமாட்டேன். பட்டாளமும் ஒற்றைக் கையோடு இருக்கிறார். கண்ணாடியின் அம்மா வந்து சுவரில் இருந்த கறையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதத் தாண்டி வண்டி போகக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு காய்ச்சல் என்று எழுத என்னால் முடியாது.

லாரிக்காரர்களும் பதினேழாம் தேதிதான் வருகிறார்கள். போலீஸ் எல்லாம் உங்கள் ஐயாவின் பந்தோபஸ்தில் இருக்கும் அல்லவா.

பாதை லாரி வருகிற பாதை, கார் தாராளமாக வரும். கடைசி வளைவில் வலது பக்கம் பள்ளம். திருப்ப இடமில்லை. எதற்குக் கேட்டீர்கள் என்று புரியவில்லை. நான் கேட்ட ஒரு வரிக்குப் பதிலும் வரவில்லை.

சிட்டு


மார்ச் 24, அரசு மருத்துவமனை

அன்பான மாமாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். முதுகில் தையல், இடது கையில் தீக்காயம், அவ்வளவுதான். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? உங்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனபோது உங்கள் வலது கை தொங்கிக்கொண்டிருந்தது.

பத்திரிகையில் வேறு மாதிரி வந்திருக்கிறது. அதனால் நான் பார்த்ததை எழுதுகிறேன். தப்பு இருந்தால் திருத்துங்கள்.

கூரையில் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்திவிட்டார்கள். நானும் பட்டாளமும் புகையில் இருமிக்கொண்டு வாசலுக்கு வர, எங்களைக் கம்பியால் அடித்து உள்ளேயே தள்ளினார்கள். பட்டாளத்தின் காது பிய்ந்து கழுத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் ஒருவன் தொண்டையை ஒற்றைக் கையால் பிடித்தவர் விடவே இல்லை. நான் பூட்டுச் சங்கிலியைச் சுழற்றினேன். ஒருவன் தாடை கழன்றது தெரிந்தது, இன்னொருவன் என் முதுகைக் கிழித்தான். இனி அவ்வளவுதான் என்று நினைத்தபோது சைரன் கேட்டது.

கொடி பறக்க ஒரு கறுப்புக் கார். பின்னால் இரண்டு போலீஸ் ஜீப். கும்பல் அப்படியே நின்றது. காரிலிருந்து நீங்கள் இறங்கினீர்கள் மாமா, வெள்ளைச் சீருடையில். எங்களைப் பார்க்கவே இல்லை. கொஞ்சமாக இறங்கியிருந்த பின்கதவுக் கண்ணாடியருகே குனிந்து, கை கட்டிக்கொண்டு உள்ளே ஏதோ சொன்னீர்கள். கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தீர்கள். பிறகு "சரிங்கய்யா" என்றீர்கள். நிமிர்ந்து ஆய்வாளரிடம், "எல்லாரையும் அள்ளச் சொல்றாரு. எதிர்த்தா சுடச் சொல்றாரு" என்றீர்கள்.

ஆய்வாளர் ஒரு நொடி முழித்தார். அப்புறம் தடியடி. இரும்பு உங்களைத்தான் முதலில் அடித்தான், கம்பி உங்கள் விரல்கள் மேல் விழுந்தது. நீங்கள் கதவுப் பிடியை விடவில்லை. அப்போதுதான் முதல் லாரிக்காரன் பயத்திலோ வெறியிலோ வண்டியை விட்டான். நீங்கள் விலகிப் பள்ளத்துப் பக்கம் உருண்டீர்கள். லாரி காரின் பின்பாதியைக் காகிதம் மாதிரி மடித்தது.

"அமைச்சரக் கொன்னுட்டோம்டா" என்று ஒருவன் கத்தினான். துப்பாக்கிகள் வெடித்தன. லாரிக்காரன் ஸ்டியரிங் மேலேயே கவிழ்ந்தான். இரும்பு தொடையில் குண்டோடு காட்டுக்குள் தவழ்ந்தான், அவனைக் காலைப் பிடித்து இழுத்துவந்தார்கள். மற்றவர்கள் வண்டிகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

ஆய்வாளர் காரின் கிழிந்த தகரத்துக்குள் தலையை விட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நானும் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். பின்சீட்டில் ஒரு தலையணையும் ஒரு கோப்பும்தான் இருந்தன. ஆய்வாளர் என் காதருகே வந்து, "ஐயா உள்ளதான் இருந்தாரும்மா. நான் பார்த்தேன், நீங்களும் பார்த்தீங்க. புரியுதா" என்றார்.

இங்கே நர்ஸ் சொல்கிறாள், அந்த நேரத்தில் அமைச்சர் எதிர்த் தெருப் பல் டாக்டரிடம் மயக்க ஊசி போட்டு வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தாராம். நேற்றைய பத்திரிகையில் அவர் படம். கன்னம் வீங்கி, கட்டுப் போட்டிருக்கிறார். கீழே, "மலையைக் காக்க உயிரைப் பணயம் வைத்த அமைச்சர்" என்று போட்டிருக்கிறது.

என்ன நடந்தது மாமா? யாரும் பேசமாட்டேன் என்கிறார்கள். நீங்களாவது எழுதுங்கள்.

உங்கள் விரல்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிட்டு


ஏப்ரல் 22

அன்புள்ள மருமகளுக்கு,

மாமன் பரம சௌக்கியம். உன் தையல் பிரித்தார்களா? எழுத்து கோணலாக இருந்தால் குளிர் என்று நினைத்துக்கொள்.

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு முன்னால் உதவியாளரே பிரித்துப் படித்துவிட்டார். நம் குடும்பத்து எழுத்து அவருக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. இனிமேல் எல்லாக் கடிதமும் அவர் ரசித்த பிறகுதான் எனக்கு வரும், என்னுடையதும் அப்படித்தான் உனக்கு வரும். உன் கடிதத்தைப் பற்றிப் பேச என்னைத் தனியாக வண்டிக் கொட்டகைக்கு அழைத்தார். கூட நாலு பேர் இருந்தார்கள், எல்லாரும் வாட்டசாட்டமான இலக்கிய ரசிகர்கள். ரொம்ப நேரம் விவாதித்தோம்.

அன்று சாயங்காலம் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன். முன்பல் கொஞ்சம் போயிற்று. விலா எலும்பும் லேசாக. குளியலறைத் தரை அப்படி. நல்லதாகப் போயிற்று, ஐயாவின் பல் டாக்டரே எனக்கும் பார்க்கிறார். ஒரு அமைச்சரும் ஓட்டுநரும் ஒரே நாற்காலியில் வாயைத் திறப்பது இந்த நாட்டில் இதுவே முதல் தடவை.

எனக்குப் பதவி உயர்வு. இப்போது கொட்டகையில் எல்லா வண்டிக்கும் மேற்பார்வை. கழுவுகிற வேலையையும் பெரிய மனசோடு நானே வைத்துக்கொண்டேன்.

பத்திரிகையில் வந்தது எழுத்துக்கு எழுத்து உண்மை. ஐயா காரில் இருந்தார். "வண்டிய மலைக்கு விடுப்பா" என்று அவர்தான் சொன்னார். புகையில் உனக்குக் கண் எரிந்திருக்கும், சரியாகத் தெரிந்திருக்காது. கேட்பவர்களிடம் அப்படியே சொல்.

நல்லபடியாக இரு.

மாமன்


ஜூன் 2

என் மாமாவுக்கு,

இதைப் பையில் போடவில்லை. பட்டாளம் மகனைப் பார்க்கத் தலைநகர் வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவர் காத்திருந்து உங்கள் பதிலையும் வாங்கி வருவார். இங்கே எல்லாரும் நலம். நீங்கள் நலம் என்று எழுதினாலும் இனி நம்பமாட்டேன்.

என் கடிதம் உங்களை என்ன செய்தது என்று படித்ததுமே புரிந்தது. மன்னியுங்கள் என்று எழுதிப் பார்த்தேன், சின்னதாகத் தெரிகிறது.

போன வாரம் உங்கள் ஐயா சாவடிக்கு வந்தார். கண்ணாடிக்கு நினைவுக்கல் திறந்தார். மலையை நிரந்தரமாகக் காப்பு நிலமாக அறிவித்துக் கையெழுத்தும் போட்டார். வேறு வழியில்லை, உயிரைப் பணயம் வைத்துக் காத்த மலை என்று ஊரெல்லாம் அவருக்கு மாலை. மேடையில் சொன்னார்: "நான் கார்க் கண்ணாடியை இறக்கினேன். அந்தப் பெண் ரத்தத்தில் நின்றாள். சுடுங்கள் என்றேன்." அழுகை வந்துவிட்டது அவருக்கு. உங்களைவிட நன்றாக அளக்கிறார் மாமா. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு என்னைப் பார்த்தியேம்மா" என்றார். "வந்தவரைப் பார்த்தேங்கய்யா" என்றேன். கையை விட்டுவிட்டார்.

அம்மாவிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தாள். "காலி சீட்டுகிட்டப் பேசினானா. உனக்கும் எழுதிட்டானா இத" என்று கேட்டாள். நானே கண்ணால் பார்த்தேன் என்றால், "நீயும் அவன மாதிரியே ஆயிட்டடி" என்கிறாள்.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அந்த ஜன்னலில் குனிந்து அவ்வளவு நேரம் என்ன சொன்னீர்கள்?

உங்கள் சிட்டு


ஜூன் 9

அன்புள்ள சிட்டுவுக்கு,

பட்டாளம் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு காதோடு மனுஷன் ராஜா மாதிரி இருக்கிறார். எனக்குப் பல் கட்டியாயிற்று. பழைய பல்லைவிட வெள்ளை. கொட்டகையில் நான் சிரித்தால் வண்டியெல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கிறதா என்று பயல்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். இரண்டு விரல்தான் மடங்கமாட்டேன் என்கிறது. அதனால் யாரைப் பார்த்தாலும் ஆசீர்வாதம் செய்கிற மாதிரி இருக்கிறது, மரியாதை கூடியிருக்கிறது.

அக்கா சிரித்தால் சிரிக்கட்டும். நாலு பேரிடம் சொல்லிச் சிரிக்காமல் பார்த்துக்கொள்.

என்ன சொன்னேன் என்று கேட்டாய்.

"ஐயா, உங்ககிட்டச் சொல்லச் சொல்லி என் மருமக எழுதினா. வேலை போயிரும்னு நான் வாயத் தொறக்கல. சொல்லிட்டேன்னு அவளுக்கு எழுதிட்டேன். அத நம்பி ஒரு பையன் சிரிச்சுக்கிட்டே வெளிய வந்து செத்துப்போனான். இப்பச் சொல்றேன், கேட்டுக்குங்க. இவங்கள விட்டா என் பொண்ணக் கொன்னுருவாங்க" என்றேன். உங்கள் சாவடி, கம்பம், பட்டாளத்தின் தோள், எல்லாவற்றையும் நீ எழுதின வரிசையிலேயே சொன்னேன். அதனால்தான் நேரமாயிற்று.

ஐயா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தனை பொறுமையாக அவர் யார் சொல்லியும் கேட்டதில்லை.

உன் மாமன்